வண்ண வேலைக்கு எந்தத் திரை?

கிராஃபிக்ஸ் வேலைக்கு மானிட்டர் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அதில் உருவாகும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது. திரையின் அளவும் நிறுவனத்தின் பெயரும் அதற்குப் பிறகுதான். சிவகாசியில் ஆப்செட்டில் அச்சாகும் காலண்டர், தெருமுனையில் கட்டப்படும் ஃப்ளெக்ஸ், கைபேசியில் பார்க்கப்படும் புடவைக் கடை விளம்பரம், திரையரங்கில் ஓடும் படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் காட்ட முடிந்த வண்ணங்களின் எல்லை வேறு. அந்த எல்லையைத் தாண்டிச் செலவழிக்கும் பணம் வீண். அந்த எல்லையை எட்டாத திரையில் செய்யும் வேலையும் வீண்.

கணினிக் கோப்பில் வண்ணம் என்று எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் இருக்கின்றன. அந்த எண்களை ஒளியாக மாற்றிக் காட்டுவது மானிட்டரின் பொறுப்பு. ஒரே எண் ஒரு திரையில் அரக்குச் சிவப்பாகவும் பக்கத்துத் திரையில் செங்கல் நிறமாகவும் தெரியக்கூடும். கோப்பில் எந்த மாற்றமும் இல்லை, காட்டும் கருவிதான் வேறு. நீலம் தூக்கலாகக் காட்டும் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் தம்மை அறியாமலே படத்தில் மஞ்சளைக் கூட்டிவிடுவார். திரையில் இயல்பாகத் தெரிந்த மணமகளின் முகம் அச்சில் மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருக்கும். பழி அச்சகத்தின் மீது விழும்.

ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு வரை இந்த வேலைக்குப் படக்குழாய் மானிட்டர்தான் இருந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897இல் உருவாக்கிய எதிர்மின் கதிர்க் குழாயின் வழித்தோன்றல் அது. சோனி நிறுவனம் 1968இல் கொண்டுவந்த டிரினிட்ரான் குழாய், டிடிபி யுகத்தில் வடிவமைப்பாளர்களின் விருப்பமாக இருந்தது. ஆழ்ந்த கறுப்பு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாத நிறம் ஆகிய இரண்டும் அதன் பலம். எடைதான் கொடுமை: 21 அங்குலக் குழாய் ஒன்று 30 கிலோ வரை இருக்கும். தட்டைத் திரைகள் வந்தபோது அச்சுத்துறையினர் உடனே மாறாததற்குக் காரணம் பழமைப் பற்று அல்ல. தொடக்க காலத் தட்டைத் திரைகள் நிறத்தில் உண்மையாகவே மோசமாக இருந்தன.

இன்று கடைகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரைகள். 1888இல் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராயும்போது தற்செயலாகக் கவனித்த பொருள்நிலை இது. திரவத்தைப் போல ஓடும், படிகத்தைப் போல ஒழுங்கோடும் இருக்கும். திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னால் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு எரிகிறது. அந்த ஒளி ஒரு துருவமாக்கி வழியாக நுழைந்து, படிக அடுக்கைக் கடந்து, இரண்டாவது துருவமாக்கி வழியாக வெளியேற வேண்டும். மின்னழுத்தத்தால் படிகங்களைத் திருப்பினால் வெளிவரும் ஒளியின் அளவு மாறும். அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வைத்தால் வண்ணப் படம் கிடைக்கும். எல்இடி மானிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பின்னொளியை மட்டுமே குறிக்கிறது; உள்ளே இருப்பது எல்சிடிதான். படிகங்கள் எந்த விதத்தில் திரும்புகின்றன என்பதைப் பொறுத்தே டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று பேனல் வகைகள் பிரிகின்றன. தேர்வில் இதுதான் முதல் கேள்வி.

டிஎன் என்னும் முறுக்கு வகை மூன்றிலும் பழையது. ஸ்விட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட்டும் வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷும் 1970இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. மலிவானது, வேகமாக மாறக்கூடியது. அதனால் விளையாட்டுப் பிரியர்களிடம் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. வண்ண வேலைக்கு இது உதவாது. பார்க்கும் கோணம் சற்று மாறினாலும், குறிப்பாக மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால், நிறம் வெளிறும் அல்லது தலைகீழாகும். நேராக உட்கார்ந்து பார்த்தாலும் திரையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கண்ணிலிருந்து வெவ்வேறு கோணம் அமைகிறது. ஆகவே ஒரே சாம்பல் நிறத்தைத் திரை முழுக்க நிரப்பினால் மேலே இருட்டாகவும் கீழே வெளிச்சமாகவும் தெரியும். எதை நம்பி வண்ணம் திருத்துவது?

விஏ வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது படிகங்கள் திரைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அந்த நிலையில் பின்னொளி நன்றாக அடைபடுவதால் கறுப்பு ஆழமாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதமான கான்ட்ராஸ்ட் 3000:1 அல்லது அதற்கும் மேலே போகும். படம் பார்க்க மிக நல்ல திரை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது இருண்ட பகுதிகளின் நுணுக்கங்கள் மாறித் தெரியும். கறுப்புக் கோட்டின் மடிப்பையும் முடிக்கற்றையின் நிழலையும் திருத்துபவருக்கு அது தொல்லை. இருண்ட நிறங்களுக்கிடையே மாறும் வேகம் குறைவு என்பதால் நகரும் படத்தில் கரும்புகை இழுபடுவதுபோன்ற தோற்றமும் சில மாதிரிகளில் உண்டு. வீடியோ எடிட்டிங் மட்டும் செய்பவர், பட்ஜெட் இடிக்கும்போது, இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐபிஎஸ் வகையில் படிகங்கள் திரைக்கு இணையான தளத்திலேயே திரும்புகின்றன. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1996இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் 178 பாகை வரை பார்க்கலாம் என்று விவரக்குறிப்பு சொல்லும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் இயல்பான கோணங்களில் நிறம் நிலையாக நிற்கும் என்பது உண்மை. ஒரே திரையை வடிவமைப்பாளரும் வாடிக்கையாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டுடியோக்களில் இது ஒன்றே போதுமான காரணம். குறை, கறுப்பில் இருக்கிறது. வழக்கமான ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1தான். இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் வெளிறிய ஒளி பூத்தாற்போல் நிற்கும். 2022இல் வந்த ஐபிஎஸ் பிளாக் என்ற மேம்பட்ட வகை இதை 2000:1 அளவுக்கு உயர்த்தியது. அச்சு வேலையில் இந்தக் குறை பெரிதல்ல. காகிதத்தில் மையின் கறுப்பும் அவ்வளவு ஆழமானதில்லை.

ஓஎல்இடி இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறு. பின்னொளி கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. கறுப்பு வேண்டிய இடத்தில் பிக்சல் அணைந்துவிடும் என்பதால் கறுப்பு உண்மையான கறுப்பு. வண்ணச் செறிவும் கோணமும் சிறப்பு. 2022 முதல் குவாண்டம் புள்ளிகளைச் சேர்த்த ஓஎல்இடி மானிட்டர்கள் சந்தைக்கு வந்தபின் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. (குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.)

கிராஃபிக்ஸ் மென்பொருளோடு ஓஎல்இடியைச் சேர்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. போட்டோஷாப்பிலோ கோரல்டிராவிலோ கருவிப்பட்டையும் மெனுவும் நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். ஓஎல்இடியின் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். ஒரே இடத்தில் தொடர்ந்து எரிந்த பிக்சல்கள் மற்றவற்றைவிட முன்னதாக மங்கி, நிழல் தழும்பாக நிலைத்துவிடும். நிறுவனங்கள் இதைத் தள்ளிப்போடப் பல உத்திகள் வைத்திருக்கின்றன, ஆனால் முழுதாகத் தடுக்கவில்லை. திரை முழுக்க வெள்ளைப் பக்கமாக இருக்கும்போது பல மாதிரிகள் வெளிச்சத்தைத் தாமே குறைத்துக்கொள்வதும் உண்டு. பலவற்றில் துணைப் பிக்சல்கள் வழக்கமான வரிசையில் இல்லாததால் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரியும். சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துகளில் இது கண்ணை உறுத்தும். திரைப்பட வண்ணத் திருத்தத்துக்கும், மிக ஒளிர்ந்த பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒருசேரக் காட்டும் எச்டிஆர் வேலைக்கும் ஓஎல்இடி அருமையான தேர்வு. எட்டு மணி நேரம் பக்கம் கட்டுபவருக்கு ஐபிஎஸ்ஸே மேல்.

பேனல் முடிவானபின் வண்ணப் பரப்பு. மனிதக் கண் பிரித்தறியும் வண்ணங்களை 1931இல் சிஐஇ என்ற பன்னாட்டு அமைப்பு ஒரு வரைபடமாக வகுத்தது. அதற்குள் முக்கோணங்களாக வரையப்படுபவையே எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, டிசிஐ-பி3 போன்ற வண்ண வெளிகள். ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, அன்றைய படக்குழாய் மானிட்டர்கள் காட்ட முடிந்த வண்ணங்களை ஒட்டி அமைந்தது. வரைபடத்தின் பரப்பில் அது சுமார் 35 விழுக்காடுதான். குறைவாகத் தோன்றினாலும் இணையம் இன்றும் பெரும்பாலும் அதில்தான் இயங்குகிறது. புகைப்பட லேப்களில் பெரும்பாலானவை ஆல்பப் பக்கங்களை அதில்தான் கேட்கின்றன.

எஸ்ஆர்ஜிபி தடுமாறும் இடம் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் உள்ள செறிந்த நிறங்கள். பட்டுப் புடவை படமெடுப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி: மயில்கழுத்து நிறம் நேரில் ஒன்றாகவும் திரையில் வேறாகவும் நிற்கும். அச்சு மையின் தூய சயான் நிறமே எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே விழுகிறது. அச்சுக்குக் கொண்டுபோக முடிந்த அந்த நிறங்களையும் உள்ளடக்க 1998இல் வந்ததுதான் அடோபி ஆர்ஜிபி. அது பச்சைப் பக்கம் நன்றாக விரிந்து, வரைபடத்தில் சுமார் 50 விழுக்காட்டைத் தொடுகிறது. டிசிஐ-பி3 ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் டிஜிட்டல் திரையரங்குக்காக வகுத்த அளவு. சிவப்பிலும் பச்சையிலும் எஸ்ஆர்ஜிபியைவிடச் செறிவு அதிகம். அதன் ஒரு வடிவத்தை ஆப்பிள் தன் கணினிகளிலும் கைபேசிகளிலும் பயன்படுத்தத் தொடங்கியபின் அது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

இதிலிருந்து தேர்வு எளிதாகிறது. இணையம், சமூக ஊடகம், திருமண ஆல்பம், ஃப்ளெக்ஸ் ஆகியவற்றுக்கு எஸ்ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும் திரை போதும். இருபது அடி உயரத்தில் கட்டி வெயிலில் வெளுக்கப்போகும் ஃப்ளெக்ஸுக்காக அடோபி ஆர்ஜிபி திரை வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு. தரமான புத்தகம், கலை அச்சு, ஜவுளி வடிவமைப்பு என்றால் அடோபி ஆர்ஜிபியில் 95 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் மாதிரியைப் பார்க்கலாம். வீடியோவுக்கும் திரைப்படத்துக்கும் பி3.

விவரக்குறிப்பில் உள்ள விழுக்காட்டைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 125 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருந்தால் அது பரப்பளவைச் சொல்கிறது, உள்ளடக்கத்தை அல்ல. சிவப்புப் பக்கம் எல்லை தாண்டி, நீலப் பக்கம் எட்டாமல் நின்றாலும் மொத்தப் பரப்பு 125 வந்துவிடும். உள்ளடக்கம் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். அது 100க்கு மேல் போகவே முடியாது. பழைய தொலைக்காட்சித் தரமான என்டிஎஸ்சியை வைத்தும் விழுக்காடு சொல்வார்கள். 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது பரப்பில் சுமார் ஒரு முழு எஸ்ஆர்ஜிபி. 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று விலை குறைந்த மடிக்கணினிகளில் காணப்படுவது அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அந்தத் திரையில் குங்குமத்தின் சிவப்பை யாராலும் சரியாக மதிப்பிட முடியாது. மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்துக்கொள்வதுதான் வழி.

பரந்த வண்ணத் திரைக்கும் ஒரு விலை உண்டு. வண்ண நிர்வாகம் தெரியாத மென்பொருள், எஸ்ஆர்ஜிபி படத்தின் எண்களை அப்படியே பெரிய முக்கோணத்துக்குள் வீசிவிடும். தோல் நிறம் தக்காளிச் சிவப்பாகும், புல்வெளி கண்ணைப் பறிக்கும். இதைத் தவிர்க்க, மானிட்டரின் மெனுவில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சில மாதிரிகளில் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்க விடாமல் பூட்டிவிடுகிறார்கள். ஏன் என்பது அந்த நிறுவனங்களுக்கே வெளிச்சம்.

அடுத்தது பிட் ஆழம். ஒரு நிறத்துக்கு 8 பிட் என்றால் 256 படிகள். மூன்று நிறமும் சேர்ந்து சுமார் 1.67 கோடி வண்ணங்கள். 10 பிட் என்றால் 1024 படிகள், சுமார் 107 கோடி வண்ணங்கள். அந்தி வானம் போன்ற மென்மையான நிறமாற்றத்தில் 8 பிட் திரை பட்டை பட்டையாகக் காட்டக்கூடும்; 10 பிட்டில் அது வழுக்கிச் செல்லும். 10 பிட் என்று விற்பவற்றில் பல, 8 பிட் பேனலை வேகமாக இரு நிறங்களுக்கிடையே மினுக்கி நடு நிறத்தைத் தோற்றுவிப்பவை. அதில் ஏமாற்று ஒன்றும் பெரிதாக இல்லை, பெரும்பாலானோரால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 6 பிட்டை 8 பிட்டாகக் காட்டும் மலிவு பேனல்களைத்தான் ஒதுக்க வேண்டும்.

அளவையும் நுணுக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே பிக்சல்களை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகிவிடும். எழுத்தின் விளிம்பில் படிக்கட்டு தெரியும். 27 அங்குலத்துக்கு 2560×1440 தான் இயல்பான பொருத்தம், சுமார் 109 பிக்சல். 27 அங்குலத்தில் 4கே என்றால் 163 வரும். மிக நுணுக்கம், ஆனால் மெனு எழுத்துகள் எறும்பாகிவிடும் என்பதால் இயங்குதளத்தில் 150 விழுக்காடு பெரிதாக்கிப் பயன்படுத்த வேண்டும். அப்போது கிடைக்கும் இடம் 1440 திரையின் அளவுதான்; கூர்மை மட்டும் கூடும். புகைப்படத் திருத்தம் செய்பவருக்கும் தமிழ் எழுத்துரு வடிவமைப்பவருக்கும் அந்தக் கூர்மை பயன்படும். 32 அங்குலத்தில் 4கே 138 பிக்சல். மேசை ஆழமாக இருந்தால் அது வசதி. வளைந்த திரைகளை வடிவமைப்பு வேலைக்குத் தவிர்ப்பது நல்லது, நேர்கோடு நேர்கோடாகத் தெரிய வேண்டுமல்லவா? நீளமான டைம்லைனோடு மல்லுக்கட்டும் வீடியோ எடிட்டருக்கு மட்டும் அகலத் திரை கைகொடுக்கும்.

விளம்பரங்களில் உரக்கச் சொல்லப்படும் பல எண்கள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. நொடிக்கு 144 அல்லது 240 முறை புதுப்பிக்கும் வேகம், ஒரு மில்லிநொடி மறுவினை ஆகியவை விளையாட்டுக்கானவை. நிலைப்படத்துக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளம். கோடிக்கணக்கில் போடப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட் வெறும் பேச்சு. அது காட்சிக்கேற்பப் பின்னொளியை ஏற்றி இறக்குவது, வண்ண வேலையில் அணைத்து வைக்க வேண்டிய வசதி. டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற முத்திரையும் அப்படித்தான்: பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் ஏற்பாடு இல்லாத பல மானிட்டர்கள் இந்த முத்திரையோடு வருகின்றன. எச்டிஆர் வீடியோவை உண்மையாகவே தயாரிப்பவர்கள் 1000 முத்திரையும் மினி எல்இடி பின்னொளியும் உள்ளவற்றை, அல்லது ஓஎல்இடியைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல மானிட்டர்கள் 250, 300 நிட்டில் வைக்கப்பட்டு வருகின்றன. அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். அச்சு இருட்டாக வந்துவிட்டது என்ற நிரந்தரப் புகாருக்குப் பெரும்பாலும் மானிட்டரின் அளவுக்கு மீறிய வெளிச்சமே காரணம். திரையில் ஒளிர்ந்த படத்தைப் பார்த்துப் பழகிய கண், அதைக் குறைத்துத் திருத்துகிறது. காகிதமோ அறையின் ஒளியைத் திருப்பித் தருமே தவிர, தானே ஒளிராது. எனவே குறைந்த வெளிச்சத்திலும் நிறம் பிசகாத திரைதான் வேண்டும்.

அறையும் மானிட்டரின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் வானம் தெரியும். எதிரில் இருந்தால் கண் கூசும். ஜன்னலுக்குச் செங்கோணத்தில் மேசையைப் போடுவது உத்தமம். பளபளப்பான மேற்பரப்பைவிட மங்கல் மேற்பரப்பு நம் ஊர் வெளிச்சத்துக்கு ஏற்றது. எலுமிச்சைப் பச்சைச் சுவரும் மஞ்சள் பல்பும் உள்ள அறையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரையும் பொய்தான் சொல்லும். வெளிறிய சாம்பல் சுவர், 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான சீரான விளக்கு போதும். இரவு நேர நீல ஒளி வடிகட்டியை வேலை நேரத்தில் அணைத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு மாலை முழுக்க வண்ணம் திருத்தியவர்கள் பலர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காலிபரேஷன். ஒரே மாதிரியில் இரண்டு மானிட்டர் வாங்கினாலும் நிறம் ஒத்துப்போகாது. வாங்கிய ஒன்றும் மாதங்கள் போகப்போக நிறம் நகரும். திரையின் மேல் தொங்கவிடும் சிறிய அளவி ஒன்று, மென்பொருள் காட்டும் வண்ணக் கட்டங்களை ஒவ்வொன்றாக அளக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த ஒளி வர வேண்டும், எது வருகிறது என்ற வித்தியாசம் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பாகக் கணினியில் பதிவாகிறது. அதன்பின் போட்டோஷாப் போன்றவை அந்தப் பிழையைக் கழித்துக் காட்டும். வழக்கமான இலக்கு: வெண்மை 6500 கெல்வின், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் வளைவான காமா 2.2, வெளிச்சம் 100 நிட் அளவில். அளக்கும் முன் மானிட்டரை அரை மணி நேரமாவது எரியவிட வேண்டும். மாதம் ஒருமுறை திரும்பச் செய்வது நல்ல பழக்கம். கேலிபிரைட், டேட்டாகலர் ஆகிய நிறுவனங்களின் அளவிகள் பரவலாகக் கிடைக்கின்றன. டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் இலவசம். ஒரே தெருவில் உள்ள நாலைந்து ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஓர் அளவி வாங்கிக்கொள்ளலாம், மாதத்தில் ஒரு நாள் வேலைதானே.

நிறப் பிழையை டெல்டா ஈ என்ற எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்பது பழகிய கண் மட்டும் கவனிக்கும் வேறுபாடு. இரண்டுக்குக் கீழே இருந்தால் தொழில்முறை வேலைக்குத் தாராளம். ஆலையிலேயே காலிபரேட் செய்த மானிட்டர்களில் சில, அந்த அளவீட்டுத் தாளோடு வருகின்றன. ஆரம்பத்துக்கு அது நல்லது, ஆனால் நிரந்தர உத்தரவாதம் அல்ல. எய்சோ கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை போன்ற உயர்தர மானிட்டர்கள் திருத்தத்தைக் கணினியில் அல்லாமல் தம்முள்ளேயே 14 அல்லது 16 பிட் அட்டவணையில் வைத்துக்கொள்கின்றன. அதனால் திருத்தத்தின்போது நிறப்படிகள் தொலைவதில்லை. எய்சோவின் சில மாதிரிகளில் அளவியே சட்டத்துக்குள் பொதிந்திருக்கும். அவ்வளவு செலவு எல்லோருக்கும் அவசியமில்லை. அளவியால் திருத்திய நடுத்தர விலை ஐபிஎஸ் மானிட்டர், திருத்தாத விலையுயர்ந்த மானிட்டரைவிட நம்பகமானது. பட்ஜெட்டில் அளவிக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மீதியில் திரை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டு திரை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இரண்டையும் உயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை. படத்துக்கு ஒரு நல்ல திரை. கருவிப்பட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் பழைய திரை போதும். ஓவியம் வரைபவர்களுக்குப் பேனாவால் நேரடியாக வரையும் திரைகள் தனி வகை. அவற்றில் கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேனா முனை ஓரிடத்திலும் கோடு ஓரிடத்திலும் விழும்.

நல்ல மானிட்டரைக் கேபிள் கெடுத்துவிடும். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் வரும், மவுஸ் நகர்வதே தடுமாறும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கேயை 60 ஹெர்ட்ஸில் முழு வண்ணத்தோடு 8 பிட்டில் அனுப்பலாம். 10 பிட் வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட் சரியான வழி. எச்டிஎம்ஐயில் இன்னொரு வேடிக்கை: கணினி சில நேரம் மானிட்டரைத் தொலைக்காட்சி என்று எண்ணிக்கொண்டு 0 முதல் 255க்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்பும். கறுப்பு வெளிறித் தெரிந்தால் பேனலைக் குறை சொல்லும் முன் கிராஃபிக்ஸ் அட்டையின் அமைப்பில் முழு வீச்சு என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த மானிட்டரைச் சோதிப்பது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க நிரப்பினால் செத்த பிக்சல்கள் தெரிந்துவிடும். விளக்கை அணைத்துக் கறுப்புத் திரையைப் பார்த்தால் ஓரங்களில் ஒளிக் கசிவு எவ்வளவு என்று தெரியும். நடுத்தரச் சாம்பலை நிரப்பினால் ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் பச்சையும் சாய்கிறதா என்பது புலப்படும். வண்ண வேலைக்கு இந்தக் குறை செத்த பிக்சலைவிட மோசமானது. ஒன்றிரண்டு செத்த பிக்சலுக்குப் பல நிறுவனங்கள் மாற்றித் தருவதில்லை, எத்தனை வரை பொறுக்க வேண்டும் என்பதை உத்தரவாத விதியில் எழுதியே வைத்திருக்கும். ஆகவே அந்த விதியை வாங்கும் முன்பே படித்துவிட்டு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.